வடிநீர்த் தோட்டம்

ஆய்வு முடிவு என் கைபேசிக்கு வந்தபோது, அந்தத் தோட்டத்துப் புதினா போட்ட டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. பொறியியல் கட்டடத்துக்குப் பின்னால், எங்கள் தோட்டத்து ஓரத்தில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விழா. தலைநகர் அம்மானிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். ‘மாணவர்களே உருவாக்கிய பசுமை வளாகம்’ என்று எழுதிய நீளத் துணி முதல்நாளே வாசலில் ஏறிவிட்டது. விழாவில் வைக்கும் சுவரொட்டிக்காகத்தான் இலைகளைச் சோதனைக்கே அனுப்பியிருந்தேன். எங்கள் கீரை எவ்வளவு சுத்தம் என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ள ஓர் எண் வேண்டியிருந்தது.

எண் வந்தது. பாதரசம், அனுமதித்த அளவைப்போல் பதினொரு மடங்கு. அதன் கீழே குரோமியம். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: உண்ணத் தகுந்ததல்ல.

வாயிலிருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு துப்பினேன். ஆய்வகத்துக்குப் போன் போட்டேன்.

“தசமப் புள்ளி எங்கயோ மாறி விழுந்திருக்கும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றேன்.

“நாங்களும் அப்படித்தாம்மா நெனச்சோம்” என்றாள் எதிர்முனையில் இருந்தவள். “அதான் மூணு தடவை போட்டுப் பாத்தோம். இது எங்க வளந்தது? பக்கத்துல ஏதாவது தொழிற்சாலை இருக்கா?”

“இல்ல. யுனிவர்சிட்டில வளந்தது.”

அவள் மெல்லக் கேட்டாள்: “யாராவது சாப்பிட்டிருக்காங்களா?”

யார் சாப்பிடவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தோட்டம் பனானின் யோசனை. பனானும் நானும் முதலாம் ஆண்டிலிருந்து தோழிகள். அவள் சிவில் இன்ஜினியரிங், நான் உயிரியல். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் என்னைத் தேடி வேதியியல் கட்டடத்துக்கு வந்தவள், அங்கே தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அதைக் குளிரவைக்க ஓடும் தண்ணீர், விரல் தடிமனுக்கு, காலையிலிருந்து மாலைவரை நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சுத்தமான தண்ணீர், கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

“எங்க வீட்டு மாடித்தொட்டிக்கு வாரத்துல ஒரு நாள்தான்டி தண்ணி வருது. எங்கம்மா பாத்திரம் கழுவுன தண்ணியத் தூக்கிட்டுப்போய் எலுமிச்சைக்கு ஊத்துறாங்க. இவங்க என்னடான்னா...” என்று அங்கேயே சத்தம் போட்டாள்.

அவளே வரைபடம் போட்டாள். ஆறு மாதம் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து அனுமதி வாங்கினாள். பராமரிப்புத் துறை ஆள் தர முடியாது என்றதும், நாங்கள் இருபது பேர் சேர்ந்து அறுபது மீட்டர் பள்ளம் வெட்டினோம். கல் நிறைந்த பூமி, கையெல்லாம் கொப்புளம். வேதியியல் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து குழாய் வந்து ஒரு தொட்டியில் விழுந்தது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தோட்டத்துக்கு. புதினா, பார்ஸ்லி, பருப்புக்கீரை, கோடையில் முலூக்கியாக் கீரை. ‘வேண்டியதைப் பறித்துக்கொள்ளுங்கள்’ என்று பலகை வைத்தோம். துப்புரவுப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடைக்குப் புதினா இங்கிருந்துதான் போனது. நாளைய விழாவில் விருந்தினர்களுக்குத் தரப்போகும் தபூலே சாலட்டுக்கும் பார்ஸ்லி இங்கிருந்துதான்.

என் பங்கு ஒன்றே ஒன்று. மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை எடுத்து எங்கள் துறை இயந்திரத்தில் வைத்துப் பார்த்து, எண்களை ஒரு தாளில் எழுதி, தொட்டியின் மேல் ஒட்ட வேண்டும். முதல் ஒரு வருடம் தவறாமல் செய்தேன். மாதாமாதம் ஒரே எண்கள்தான் வந்தன. நவம்பரில் தேர்வு, டிசம்பரில் காய்ச்சல். போன மாத எண்ணையே எழுதி ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை. ஜனவரியிலும் அப்படியே. அதன்பிறகு அது ஒரு தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பனான் வரைபட வகுப்பில் இருந்தாள். கதவருகில் நின்று சைகை காட்டினேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“என்னடி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற? சுவரொட்டில ஏதாவது எழுத்துப்பிழையா?”

கைபேசியை நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

“விளையாடுறியா?”

“இல்லடி.”

“வேற யாரோடதோ மாத்தி அனுப்பிட்டாங்க.”

“போன் பண்ணிக் கேட்டேன். மூணு தடவை பாத்தாங்களாம்.”

“அதெப்படி? நீதான் மாசாமாசம் தண்ணியப் பாக்குறியே? போன மாசம்கூட ஒட்டியிருந்தியே?”

நான் தரையைப் பார்த்தேன். அவள் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“ஸிரீன். பாத்தியா இல்லையா?”

“நவம்பர்லேர்ந்து பாக்கல.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, மாதங்களை எண்ணுகிறாள் என்று புரிந்தது. எண்ணி முடித்ததும் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

“அபு ஸக்ர்!” என்றாள்.

இருவரும் ஓடினோம்.

அபு ஸக்ர் எங்கள் தோட்டக்காரர். பல்கலைக்கழகத்து ஆலிவ் மரங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய ஆசை. போனபோது மண்டியிட்டு உட்கார்ந்து பார்ஸ்லியைக் கட்டுக்கட்டாக நூலால் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. அதில் புதினாவும் பருப்புக்கீரையும். தினமும் வீட்டுக்கு எடுத்துப்போகும் பை.

“வாங்க மகாராணிங்களா! நாளைக்கு விழான்னா இன்னிக்குத்தான் தோட்டம் ஞாபகம் வருதாக்கும்?” என்றார்.

பனான் குனிந்து அந்தப் பையைப் பிடுங்கினாள்.

“அட, அது எம் பொண்ணு ஹனீனுக்கு, மகளே. வேணும்னா அந்தப் பக்கம் பறிச்சுக்க. நிறைய இருக்கு.”

“மாமா, இத யாரும் சாப்பிடக் கூடாது” என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. “இதுல விஷம் இருக்கு. சோதனைல வந்திருக்கு. பாதரசம்.”

அவர் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“பாதரசம்னா... காய்ச்சல் பாக்குற குச்சிக்குள்ள இருக்குமே, அதுவா?”

“ஆமா மாமா.”

“அது எப்படி இதுக்குள்ள வரும்? நாந்தானே போட்டேன் உரமெல்லாம். ஆட்டெரு மட்டுந்தானே போட்டேன்.” தன்னைத்தான் குற்றம் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

“நீங்க இல்ல மாமா. தண்ணி. தண்ணிலதான் ஏதோ.”

அவர் கையிலிருந்த நூல் அவிழ்ந்து கீழே விழுந்தது. “ஹனீன் பால் குடுக்குறா” என்றார். யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். “ரெண்டரை மாசம் ஆகுது புள்ளைக்கு. புதினா குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு அவ அம்மா ஒரு நாளைக்கு நாலு தம்ளர் போட்டுக் குடுக்குறா. வயித்துல புள்ள இருந்தப்பவும் இதத்தான்...”

எழுந்து, சட்டைப்பையில் கைபேசியைத் தேடினார். கண் முன்னால் இருந்த வீட்டு எண் அவருக்குத் தெரியவில்லை. பனான்தான் வாங்கி அழுத்திக் கொடுத்தாள். அவர் பேசிய மூன்று வாக்கியங்களும் இன்றுவரை என் காதில் இருக்கின்றன. “அந்த டீயக் கீழ ஊத்து. கேள்வி கேக்காத. புள்ளைக்குப் பால் குடுக்காத, நான் சொல்றவரைக்கும்.”

தொட்டியிலிருந்து குழாயைப் பின்தொடர்ந்து அடித்தளத்துக்குப் போனோம், மூன்று பேரும். அபு ஸக்ரிடம் சாவி இருந்தது. விளக்கைப் போட்டதும் பனான் நேராகத் தன் குழாயிடம் போனாள். அவள் போட்டது சாம்பல் நிறம். கையால் தடவிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். சாம்பல் குழாயின் நடுவில் வெள்ளையாகப் புதிதாக ஒரு ‘டி’ வடிவ இணைப்பு. அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது.

“இத நான் போடல” என்றாள்.

மேலே என்ன இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டாம் மாடி. நீர்த்தரச் சோதனைக்கூடம்.

அங்கே பொறுப்பாளர் ஃபவ்வாஸ் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனான் கேட்டதும் அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ஆமா, டிசம்பர்ல நம்ம கழிவுக் குழாய் அடைச்சுக்கிச்சு. தண்ணி எதிர்த்துக்கிட்டு வந்துச்சு. பராமரிப்புக்காரங்க வந்தாங்க. ஒரு வாரத்துக்குப் பக்கத்துக் குழாய்ல விட்டுக்குங்க, ஆள் வந்து சரி பண்ணிடுவான்னாங்க. ஆள் வரல. ஏன், என்னாச்சு?”

“அந்தப் பக்கத்துக் குழாய் எங்க போகுதுன்னு கேட்டீங்களாண்ணே?”

“சாக்கடைக்குத்தானே போகும். வேற எங்க போகும்?”

பனான் குடுவை கழுவும் சிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் அழுக்கு எவ்வளவு என்று அளப்பதற்கு அங்கே ஒரு சோதனை செய்வார்கள். அதற்கான கரைசலில் பாதரசமும் குரோமியமும் அமிலமும் உண்டு. முடிந்ததும் தனி ஜாடியில் ஊற்றி மூடிவைக்க வேண்டும். அந்த ஜாடி சிங்குக்குக் கீழே இருந்தது, கழுத்துவரை நிறைந்து, மேலே தூசி படிந்து.

“இத எப்ப எடுத்துட்டுப் போனாங்க?”

“எடுக்கல. எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அப்ப பசங்க சோதனை முடிச்சிட்டு எங்க ஊத்துறாங்க?”

ஃபவ்வாஸின் கண் சிங்குக்குப் போனது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. பதில் பனானுக்கே தெரியும். பிப்ரவரியில் அவள் வகுப்புக்கு அந்தச் சோதனை இருந்தது.

“நானும்தான் ஊத்தினேன்” என்றாள். “ஜாடி ரொம்பியிருக்குன்னு சொன்னாங்க. சிங்க்ல ஊத்திட்டு நிறையத் தண்ணி விட்டேன். என் கையாலயே ஊத்திட்டு, நேராத் தோட்டத்துக்குப் போய்...” வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் நின்ற அபு ஸக்ர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “படிக்கிற புள்ளைங்கதானே நீங்க?” என்றார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

தோட்டத்தை நடத்திய எங்கள் மாணவர் மன்றத்தின் ஆலோசகர் டாக்டர் நுஹா. நல்லவர், எங்களுக்காகப் பல கதவுகளைத் தட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய சன்னலில் எங்கள் புதினாவே ஒரு தொட்டியில் தழைத்திருந்தது.

“யாருக்கெல்லாம் சொன்னீங்க?” என்பதுதான் முதல் கேள்வி.

“அபு ஸக்ருக்கும் ஃபவ்வாஸ் அண்ணனுக்கும் மட்டும்.”

“சரி. கேளுங்க. பார்ஸ்லிய வெளியேர்ந்து வாங்கிடலாம். தோட்டத்தச் சுத்தி இன்னிக்கே கயிறு கட்டிடலாம். நாளைக்கு விழா முடியட்டும். வியாழக்கிழமை நானே யுனிவர்சிட்டித் தலைவர்கிட்ட போய்ச் சொல்றேன். ஒரு நாள்தானே?”

“டாக்டர், ஹனீனோட புள்ளைக்கு ரெண்டரை மாசம். அந்த மாதிரி இன்னும் எத்தன வீட்டுல இருக்கோ, நமக்குத் தெரியாது” என்றாள் பனான்.

“புரியுதும்மா. ஆனா இத எப்படிச் சொல்றதுன்னு ஒரு முறை இருக்கு. இப்ப நீங்களா கத்துனீங்கன்னா என்னாகும்னு தெரியுமா? இனிமே இந்த வளாகத்துல எந்த மாணவனையும் ஒரு செடி நடக்கூட விடமாட்டாங்க. ரெண்டு வருஷ உழைப்பு!”

அதுவரை பேசாமலிருந்த நான், “இன்னிக்கு ராத்திரி யாராவது ஒருத்தங்க அந்தக் கீரையச் சமைப்பாங்க டாக்டர்” என்றேன். “நான் அஞ்சு மாசமாப் பொய் எழுதி ஒட்டியிருக்கேன். இன்னும் ஒரு நாளும் அப்படி ஒட்டச் சொல்றீங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பொய் எழுதினேன் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த அறை வாசலிலேயே நின்று, மன்றத்தின் இணையப் பக்கத்தில் எழுதினேன். தோட்டத்திலிருந்து எதையும் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்குப் போங்கள், தண்ணீரைச் சோதிக்காமலே எண்களை எழுதியது நான், என் பெயர் ஸிரீன். ஆய்வு முடிவையும் சேர்த்துப் போட்டேன். பனான் தன் பெயரையும் அடியில் சேர்த்தாள்.

பத்து நிமிடத்தில் வளாகமே மாறிப்போனது. டீக்கடை முன்னால் ஆட்கள் தம்ளர்களைத் தரையில் கவிழ்த்தார்கள். ஒரு பெண் புல்தரையில் உட்கார்ந்து வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க முயன்றாள். மூன்றாம் மாடியிலிருந்து யாரோ, “பசுமை வளாகமாம்! கொலகாரிங்க!” என்று கத்தினார்கள். துப்புரவுப் பெண்களில் மூத்தவளான உம் ரிஃபாத் என் எதிரே வந்து, என் சட்டையைப் பிடித்து, “எம் பேரன் பேரு சொல்லி ஆசையாப் பறிச்சிட்டுப் போனேனேடி!” என்று உலுக்கினாள். நான் நின்றுகொண்டேயிருந்தேன். மாலைக்குள் வாசல் துணியை அவிழ்த்துவிட்டார்கள். விழா நடக்கவில்லை.

அடுத்த மூன்று நாளில் நூற்று நாற்பது பேர் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தார்கள். வரிசையில் நானும் பனானும் டாக்டர் நுஹாவும் நின்றோம். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. எங்கள் ஊரான ஜெரஷிலிருந்து அப்பா வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். வீட்டு வாசலில், “ஒரு பாட்டில் தண்ணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“அஞ்சு நிமிஷம்” என்றேன்.

நூற்று இருபது பேருக்கு ஒன்றும் இல்லை. பதினேழு பேருக்குக் கொஞ்சம் கூடுதல். தானாகக் குறையும் என்றார்கள். மூன்று பேருக்கு அதிகம். அபு ஸக்ர், அவர் மனைவி, ஹனீன். குழந்தைக்கும் இருந்தது, தாயைவிடக் குறைவாக. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும், இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

விசாரணைக் குழுவில் ஏழு பேர். பராமரிப்புத் துறைப் பொறியாளர், மாணவர்கள் போட்ட குழாய் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை, அதனால் தங்களுக்குத் தெரியாது என்றார். அது உண்மை. பனானின் வரைபடத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் அதைக் கோப்பிலிருந்து எடுக்கவேயில்லை. ஃபவ்வாஸ், ஜாடியை எடுக்கச் சொல்லி எழுதிய ஆறு கடிதங்களைக் காட்டினார். பனான் எழுந்து, “எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சோம். ஆனா ஒரு பச்சப்புள்ள மொத்தத்தையும் குடிச்சிருக்கு” என்றாள்.

எனக்கு ஒரு பருவம் இடைநீக்கம். குறைவான தண்டனைதான். பராமரிப்பில் ஒருவர் வேலையை இழந்தார். டாக்டர் நுஹா தானாகவே ஆலோசகர் பொறுப்பை விட்டார்.

மே மாதத்தில் தோட்டத்தை அகற்றினார்கள். இடைநீக்கத்தில் இருந்தாலும் அனுமதி கேட்டு அதற்கு மட்டும் போனேன். பதினான்கு பேர் வந்திருந்தோம். இருபதில் ஆறு பேர் வரவில்லை. முகமூடி, தடித்த கையுறை, வெள்ளை உடுப்பு. செடிகளை வேரோடு பிடுங்கினோம். பிறகு மண்ணை, முழங்கை ஆழத்துக்கு, நீலப் பீப்பாய்களில் வாரினோம். மண் கறுத்து, ஈரமாக, நன்றாகத்தான் இருந்தது, மண்புழுக்கள்கூட நெளிந்தன. பாலைவனத்தில் அபாயக் கழிவைப் புதைக்கும் இடத்துக்கு லாரிகள் அவற்றைக் கொண்டுபோயின. தொண்ணூற்று மூன்று பீப்பாய்.

அபு ஸக்ர் தூரத்தில் ஆலிவ் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போனேன். “மாமா...” என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுக்கப் பனானும் இன்னும் சிலரும் அந்தச் சோதனைக்கூடத்தை விடவில்லை. பாதரசம் இல்லாமல் செய்யும் முறை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துத் துறையை மாற்றவைத்தார்கள். சிங்கை அடைத்தார்கள். நிறைந்த ஜாடி எந்தத் தேதியில் வெளியே போனது என்று வாரம் ஒருமுறை இரண்டு மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுபடி சோதிக்க வேண்டும். பனான் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் முன்புபோல் சிரிப்பதில்லை. ஒருநாள், “உன்மேல கோவம் இல்லடி. உன்னப் பாத்தா எனக்கு அந்தச் சிங்க் ஞாபகம் வருது, அவ்வளவுதான்” என்றாள்.

அக்டோபரில் வகுப்புக்குத் திரும்பினேன். முதல் வாரத்தில் ஒரு பிற்பகல், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அபு ஸக்ரின் குரல்.

“ஹனீனுக்கு ரத்தத்துல அளவு இறங்கிடுச்சாம். புள்ளைக்கு இப்ப சுத்தமா இல்லையாம். நல்லா உக்காருறான், பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறான். அடுத்த வருஷம் இன்னொரு தடவ பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். “மாமா, நான்...”

“ஒன்னும் சொல்லாத” என்றார். “உனக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்.”

வைத்துவிட்டார். தாழ்வாரத்தில் மாணவர்கள் என்னை இடித்துக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக அழுதேன்.